பூமி தட்டை என்கிறார் மாமா, இரண்டு கிலோ நண்டு பந்தயம்

கல்லடிப் பாலம், 9 செப்டெம்பர் 2025

சிரிக்கிறவர்கள் முதலில் சிரித்து முடியுங்கள். அப்புறம் உதவி செய்யுங்கள்.

என் தாய்மாமா மட்டக்களப்பு பாலமீன்மடுவில் இருக்கிறார். வெளிச்சவீட்டுக்குக் கூப்பிடு தூரம். பத்தொன்பது வயதில் கடலுக்குப் போகத் தொடங்கியவர், இப்போது அறுபத்து மூன்று. சுனாமியில் படகு போய், பிறகு கிடைத்த பைபர் படகில் இன்றைக்கும் முகத்துவாரத்தால் வெளியே போய் வருகிறார். நான் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் பழைய ஸ்மார்ட் போன் ஒன்றைச் சரிக்கட்டி அவருக்குக் கொடுத்தேன். அந்தப் பாவம் இப்போது என் தலையில் விடிந்திருக்கிறது. மீன் பிடிக்கிற வீடியோவில் தொடங்கிய யூரியூப், அவரை மெல்ல மெல்லத் தட்டைப் பூமியில் கொண்டுபோய் இறக்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை இரவு முழுச் சந்திர கிரகணம். பிள்ளைகளோடு மாமா வீட்டு வாசலில் பாய் போட்டுக் கிடந்தோம். நிழல் சந்திரனைக் கடித்துக்கொண்டு வரும்போது நான் மகளிடம், "பார், பூமியின் நிழல் வட்டமாக விழுகிறது. பூமி உருண்டை என்பதற்கு அதுதான் சாட்சி" என்றேன். பின்னால் இருந்து மாமாவின் குரல் வந்தது. "தட்டுக்கும் வட்ட நிழல்தானே மனே விழும்?"

அன்றைக்குப் போயா, பௌர்ணமி விடுமுறை. சாராயக் கடை பூட்டு. ஆகவே வெறியில் சொன்னார் என்றும் தள்ளிவிட முடியாது.

எனக்குப் பதில் வரவில்லை. ஏ.எல். (உயர்தரம்) கணிதம் படித்தவன் நான். பதினொரு மணிக்குச் சந்திரன் முழுதாக மறைந்து செம்பு நிறத்தில் நிற்கிறது, நான் வாயை மூடிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். அவர் விடவில்லை. "வீடு கட்டக்குள்ள மேசன் டியூப்பில தண்ணி விட்டுத்தானே மட்டம் பார்க்கான்? தண்ணி எப்பவும் மட்டம். கடலும் தண்ணிதான். நாற்பது வருசத்துக்கு மேல நான் போற கடல், அதில வளைவு எங்க கிடக்கு, காட்டு."

கடைசியில் பந்தயம் கட்டியாயிற்று. தோற்றவர் இரண்டு கிலோ களப்பு நண்டு. மாமா மூன்று நிபந்தனை போட்டார். அமெரிக்காக்காரன் எடுத்த படம் காட்டக் கூடாது. புத்தகத்தைக் காட்டக் கூடாது. "என்ட கண்ணால நான் பார்க்கணும், இல்லாட்டி நம்மட ஆக்கள் பார்த்துச் சொல்லணும்."

மூன்றாவது நிபந்தனை நியாயமானது என்றுதான் எனக்கும் படுகிறது. நான் மட்டும் பூமி உருண்டை என்பதை எங்கே கண்டேன்? ஐந்தாம் வகுப்பில் டீச்சர் சொன்னார், நம்பினேன். அவ்வளவுதான். ஆகவே படம் வேண்டாம், இணைப்பு வேண்டாம். மட்டக்களப்பில் நின்றுகொண்டு கண்ணால் பார்க்கக்கூடிய ஏதாவது சொல்லுங்கள்.


ஊர்விட்டவன், 9 செப்டெம்பர் 2025

தம்பி, நான் ரொறன்ரோவில் இருக்கிறேன். பிறந்தது ஆரையம்பதி. உங்கள் மாமாவின் தட்டுக்குப் பதில் என் வீட்டு வாசலிலேயே இருந்தது.

நீங்கள் செம்புச் சந்திரனைப் பார்த்துக்கொண்டு கிடந்த நேரம் இங்கே பகல் ஒன்றரை மணி. நல்ல வெயில். நான் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். தட்டு ஒன்றின் நிழல் மேலே இருக்கிற சந்திரனில் விழ வேண்டுமென்றால் சூரியன் தட்டுக்குக் கீழே போக வேண்டும். கீழே போயிருந்தால் எனக்கு எப்படி வெயில் அடித்தது? நானும் அதே தட்டில்தானே நிற்கிறேன்? இதை மாமாவிடம் கேளுங்கள்.

இன்னொன்று. ஊரில் துருவ வெள்ளியைத் தேட வேண்டும். வடக்கே, கிட்டத்தட்ட பனை வடலிக்குள் ஒளிந்து கிடக்கும். கையை நீட்டி முட்டி பிடித்தால் ஒரு முட்டி உயரம்கூட வராது. இங்கே அது நாலு முட்டிக்கு மேல். மட்டக்களப்பு ஏழே முக்கால் பாகை வடக்கு, ரொறன்ரோ ஏறத்தாழ 44 பாகை. வெள்ளி நிற்கும் உயரமும் அதே கணக்குத்தான். சித்திரை வைகாசியில் ஊரில் தெற்கே தெரியும் சிலுவை வெள்ளிக் கூட்டத்தை இங்கே வந்த பிறகு நான் காணவே இல்லை. தெற்குத் தொடுவானத்துக்குக் கீழே போய்விட்டது. முப்பது வருடமாகிறது. பனியை விட அதுதான் எனக்குக் கவலை.


கேள்வி கேள், 10 செப்டெம்பர் 2025

மாமாவைக் கேலி செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அவர் கேட்பது நல்ல கேள்வி. நானும் தட்டைக்காரன் இல்லை, ஆனால் உருண்டை என்று சத்தியம் செய்யவும் மாட்டேன்.

கப்பல் அடியிலிருந்து மறைகிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். நல்ல சூம் கமெரா வைத்துப் பார்த்தால் மறைந்த கப்பல் திரும்பத் தெரிகிறது. அலை மறைக்கிறது என்றும் சொல்லலாம். 1838இல் இங்கிலாந்தில் ரோபோதம் என்கிறவர் பெட்ஃபோர்ட் வாய்க்காலில் இறங்கி நின்று, ஆறு மைல் தூரத்துக்குப் போன வள்ளத்தை முழுதாகப் பார்த்தார். உருண்டை என்றால் அது மறைந்திருக்க வேண்டும். இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.


சங்கிலிக்காரன், 10 செப்டெம்பர் 2025

நான் அக்கரைப்பற்று. நில அளவையில் இருந்து ஓய்வு பெற்றவன். முதல் முதல் கையில் எடுத்த கருவி சங்கிலி, அதனால் இந்தப் பெயர்.

மேசன் கதையிலிருந்து தொடங்குவோம், அது என் தொழிலுக்குக் கிட்ட. மாமா சொல்வது சரி, தண்ணீர் மட்டமாகத்தான் நிற்கும். ஆனால் மட்டம் என்றால் நேர்கோடு என்று யார் சொன்னது? 30 மீற்றர் நீளமான வீட்டுக்குப் பூமியின் வளைவு ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மேசனுக்கு அது தேவையில்லை. எங்களுக்குத் தேவை. மட்டக் கருவியை வைத்து ஒரு கிலோமீற்றர் தள்ளி நிற்கும் அளவுகோலைப் பார்த்தால் 7.8 சென்ரிமீற்றர் பிழை வரும். காற்றில் ஒளி வளைவதைக் கழித்தால் 6.7. வாய்க்காலுக்கு மட்டம் எடுக்கப் போய் இதை மறந்தால் தண்ணீர் வயலுக்குப் போகாது. அதனால்தான் கருவியை இரண்டு அளவுகோலுக்கும் நட்ட நடுவில் வைக்கச் சொல்லிப் பழக்கினார்கள், பிழை இரண்டு பக்கமும் சமமாகி அடிபட்டுப் போகும். முப்பது வருடம் நான் இந்தத் திருத்தத்தில்தான் சம்பளம் வாங்கினேன்.

பெட்ஃபோர்ட் விஷயம். ரோபோதம் கண்ணை வைத்தது தண்ணீருக்கு எட்டு அங்குலம் மேலே. தண்ணீரை ஒட்டிய காற்று குளிர்ந்து கிடக்கும், அதில் ஒளி வளைந்து வரும், மறைய வேண்டியது தெரியும். களப்பிலும் விடியற்காலையில் இதே கண்கட்டு நடக்கும், ஆகவே தயவுசெய்து களப்பில் இந்தப் பரிசோதனையைச் செய்யப் போகாதீர்கள். 1870இல் ஹம்டன் என்கிற தட்டைக்காரர், வளைவைக் காட்டுகிறவருக்கு 500 பவுண் என்று பந்தயம் கட்டினார். டார்வினோடு சேர்த்துப் பேசப்படும் வாலஸ் இருக்கிறாரே, அவர்தான் ஏற்றுக்கொண்டார். வாலஸ் சின்ன வயதில் நில அளவையில் வேலை பார்த்தவர், எங்கள் ஆள். கண்ணைத் தண்ணீருக்கு 13 அடி மேலே தூக்கி வைத்தார், நடுவிலும் மறு அந்தத்திலும் அதே உயரத்தில் அடையாளம் வைத்தார். நடு அடையாளம் மற்றதைவிட மேலே தூக்கித் தெரிந்தது. வென்றார். அதற்குப் பிறகு ஹம்டன் வருடக்கணக்காக அவரைத் திட்டிக் கடிதம் எழுதினார், அவதூறுக்குச் சிறைக்கும் போனார். பந்தயப் பணத்தையும் வழக்குப் பேசித் திரும்ப எடுத்துவிட்டார். வாலஸ் சாகும்வரை இதை நினைத்து வருந்தினார். தம்பி, நண்டை நினைத்து எச்சரிக்கையாக இருங்கள்.

இப்போது உங்கள் வேலை. மாமாவுக்கு ஒன்றும் காட்ட வேண்டாம். அவரிடமே கேளுங்கள். கரையை விட்டு வெளியே போகும்போது எது முதலில் மறையும், எது கடைசியில்? வெளிச்சவீடு எத்தனை மைலில் மறையும்? எழுதி வையுங்கள். அதற்குப் பிறகு கீழே உள்ள கணக்கைப் பாருங்கள், முதலே சொல்லிவிடாதீர்கள்.

கண் எத்தனை மீற்றர் உயரத்தில் இருக்கிறதோ அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்கினால் தொடுவானம் எத்தனை கிலோமீற்றரில் என்று வரும். படகில் நிற்கிறவரின் கண் இரண்டு மீற்றர் என்று வைத்தால் 5 கிலோமீற்றர். 1913இல் கட்டிய உங்கள் வெளிச்சவீடு 28 மீற்றர், அதற்கு 19. இரண்டையும் கூட்டினால் 24. ஒளி வளைவதால் இன்னும் ஒன்றிரண்டு கூடலாம், 26 என்று வையுங்கள். கடல் மைலில் 13, 14. அதற்கு மேல் போனால் எந்தக் கமெராவாலும் அது திரும்பி வராது. சிறுத்துப்போய்த் தெரியாததைத்தான் சூம் கொண்டு வரும். அலை என்கிறவருக்கும் அதே பதில்தான். கண் அலைக்கு மேலே இருந்தால், தட்டையான கடலில் ஒரு மீற்றர் அலை 28 மீற்றர் கோபுரத்தை ஒருபோதும் மறைக்காது. படம் கீறிப் பாருங்கள்.


கல்லடிப் பாலம், 14 செப்டெம்பர் 2025

சேர், நீங்கள் சொன்னபடி செய்தேன். கணக்கை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன்.

கச்சான் காற்று மணலை அள்ளி எறிகிற நேரம். மாமா வலை பொத்திக்கொண்டிருந்தார். முதலில் ரொறன்ரோ அண்ணன் சொன்ன வெயில் கதையைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "அங்க பகல் எண்டது உண்மைதான், அங்க இருக்கிற மருமகன் போன் எடுத்தவர்" என்று ஒப்புக்கொண்டு, "அப்ப நிழலில்லாம வேற என்னமோ சந்திரனை மறைச்சிருக்கு" என்று தப்பிவிட்டார். சரி என்று அதை விட்டுவிட்டேன்.

பிறகு, எது முதலில் மறையும் என்று கேட்டேன். இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிற மாதிரிப் பார்த்தார்.

"முதல்ல மணல் போகும். மறுகா வீடுகள். மறுகா தென்னை, அடி போய் வட்டு மட்டும் தண்ணிக்கு மேல நிக்கும். வெளிச்சவீடு தலை மட்டும் கொஞ்ச நேரம் தெரியும். அதுவும் போனா, விடிய வெள்ளன வானம் துப்பரவா இருந்தா மேற்கே குடும்பிமலை தெரியும்."

வெளிச்சவீடு எத்தனை மைலில் மறையும்?

"ஜிபிஎஸ் வந்தாப் பொறகு பார்த்திருக்கன். பதின்மூண்டு. படகுட முன் அணியத்தில ஏறி நிண்டா பதினாலு வரைக்கும் தெரியும்."

சட்டைப் பைக்குள் இருந்த தாள் என் நெஞ்சில் சுட்டது என்றால் நம்புங்கள். எடுத்துக் காட்டினேன். அக்கரைப்பற்றில் இருக்கிற, கடலுக்குப் போகாத ஒருவர் நாலு நாளைக்கு முன் எழுதியது, 13, 14. மாமா தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "இவர் ஆர்?" என்றார்.

நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆசை விடவில்லை. "மாமா, கடல் மட்டம் என்றால் எழும்பி நிற்பதால் உங்களுக்கு என்ன லாபம்? மேசையில் ஓர் எறும்பு நிற்கிறது, மறு அந்தத்தில் தம்ளர் இருக்கிறது. எறும்பு காலை ஊன்றி எழும்பினால்தானா தம்ளர் தெரியும்?"

வலை ஊசி நின்றது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. மாமி உள்ளே இருந்து, "நண்டைக் குடுத்துட்டுப் பேசாம இரிங்க" என்றா. அதுதான் பிழையாகிப் போனது. மனிசி சொன்ன பிறகு எந்தக் கடற்காரன் ஒப்புக்கொள்வான்? "இது கடல்ட குணம். பூமி உருண்டை எண்டு இதில எங்க இருக்கு?" என்று ஊசியைத் திரும்ப ஓட்டத் தொடங்கினார்.

இன்னும் ஒரு சாட்சி வேண்டும் சேர்.


மாளிகைக்காட்டான், 14 செப்டெம்பர் 2025

ஸலாம், வணக்கம். அன்றிரவு நாங்களும் பள்ளியில் கிரகணத் தொழுகை முடித்துவிட்டு வெளியே நின்று பார்த்தோம். எங்கள் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

வருடத்தில் இரண்டு தடவை, மே 28ஐ ஒட்டியும் ஜூலை 16ஐ ஒட்டியும், சூரியன் மக்காவில் கஃபாவின் தலைக்கு நேர் மேலே வரும். மே மாதம் அது நம் நேரம் பின்னேரம் 2:48. அந்த நிமிடம் வெயிலில் தடி நட்டால், சூரியன் நிற்கிற திசைதான் கிப்லா, நாங்கள் தொழும் திசை. திசைகாட்டி தேவையில்லை. என் வாப்பா இப்படித்தான் வீட்டு மாடியில் தொழுகைக்குக் கோடு போட்டார். நம் கரைக்கு அது வடக்கிலிருந்து மேற்கே 66, 67 பாகை. உருண்டைக் கணக்கில் போட்டாலும் அதே 66½ வருகிறது. தட்டைக்காரர்கள் வட துருவத்தை நடுவில் வைத்து ஒரு வட்டப் படம் காட்டுகிறார்களே, அதில் இங்கிருந்து மக்காவுக்குக் கோல் வைத்துப் பார்த்தேன். 56 பாகைக்குக் கிட்ட வருகிறது. பத்துப் பாகை பிழை. அந்தப் படத்தை நம்பினால் ஊரிலுள்ள பள்ளிவாசல் எல்லாவற்றையும் திருப்பிக் கட்ட வேண்டும்.

எழும்பி நிற்கிற கதையைப் படித்ததும் அல்பிரூனி நினைவுக்கு வந்தார். பதினோராம் நூற்றாண்டில், இன்றைய பாகிஸ்தானில் நந்தனா என்கிற இடத்தில், மலையில் ஏறி நின்று தொடுவானம் எத்தனை தாழ்ந்து தெரிகிறது என்று அளந்து, அதிலிருந்து பூமியின் பருமனைக் கணக்கிட்டவர். மாமா அணியத்தில் ஏறுவதும் அதே வேலைதான். கோணம் மட்டும் எடுக்கவில்லை.


சங்கிலிக்காரன், 15 செப்டெம்பர் 2025

மாமாவின் பதின்மூன்று மைலைப் படித்து இரவு நித்திரை வரவில்லை. அவருக்கு என் வணக்கம் சொல்லுங்கள்.

இன்னும் ஒரு சாட்சி என்றால் தடி நட்டு நிழல் அளக்கலாம். எரதோஸ்தனிஸ் எகிப்தில் செய்தது. தெற்கே சியேன் ஊரில் சூரியன் உச்சிக்கு நேரே நிற்கும் நாளில் வடக்கே அலெக்சாந்திரியாவில் 7.2 பாகை சரிந்து நின்றது. அது வட்டத்தில் ஐம்பதில் ஒன்று. இரண்டு ஊருக்கும் இடைத் தூரத்தை ஐம்பதால் பெருக்கினார், பூமியின் சுற்றளவு வந்தது. 22, 23ஆம் தேதிகளில் சம இராப்பகல் வருகிறது. அன்றைக்குச் சூரியன் பூமத்திய ரேகைக்கு மேலே நிற்கும், கணக்கு சுலபம்.


கேள்வி கேள், 15 செப்டெம்பர் 2025

இங்கேதான் பிடி. பூமி தட்டையாக இருந்து சூரியன் ஆறாயிரம் கிலோமீற்றர் உயரத்தில் கிட்ட நின்றாலும் எரதோஸ்தனிஸ் கண்ட அதே நிழல்தான் விழும். இரண்டு தடியால் எதையும் நிரூபிக்க முடியாது.


சங்கிலிக்காரன், 15 செப்டெம்பர் 2025

சரியாகப் பிடித்தீர்கள். பாடப் புத்தகங்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. எரதோஸ்தனிஸ் பூமி உருண்டை என்று தெரிந்துகொண்டுதான் அளந்தார், அவர் தேடியது பருமனை. வடிவத்தைத் தேடுகிறவருக்கு மூன்று தடி வேண்டும், மூன்றும் நல்ல தூரத்தில். தட்டைப் பூமிக்கு மேலே ஒரு சூரியன் என்றால் மூன்று நிழலும் ஒரே உயரத்தைச் சொல்ல வேண்டும். சொல்கிறதா என்று பாருங்கள்.

சும்மா ஒரு பக்கக் கதை. 499இல் எழுதிய ஆரியபட்டர், கடம்பம்பூவைச் சுற்றி இதழ் நிற்கிற மாதிரிப் பூமி உருண்டையைச் சுற்றி உயிர்கள் நிற்கின்றன என்றார். படகில் போகிறவனுக்குக் கரை பின்னால் ஓடுவது போல, நிற்கிற நட்சத்திரங்கள் இலங்கையில் இருப்பவர்களுக்கு நேர் மேற்கே ஓடுவதாகத் தெரிகின்றன என்றும் சொன்னார். அவர் சொல்லும் இலங்கை பூமத்திய ரேகையில் கிடக்கும் கணக்கு இலங்கை, நம் ஊர் இல்லை. என்றாலும் படகும் இலங்கையும் ஒரே வரியில் வருவதைப் பார்த்தால் மாமாவுக்குச் சந்தோசமாக இருக்கும்.

மாமாவிடம் சொல்லக் கூடாத ஒன்றும் இருக்கிறது. பூமி சரியான உருண்டையும் இல்லை. துருவத்தில் 21 கிலோமீற்றர் அமுங்கிக் கிடக்கிறது. அதைக் கழித்துப் பார்த்தாலும், ஈர்ப்பு குறைந்ததால் இலங்கைக்குத் தெற்கே கடல் மட்டம் நூறு மீற்றருக்கு மேல் பள்ளம். நல்ல ஜிபிஎஸ் கருவியைக் கடற்கரையில் வைத்துத் திருத்தம் செய்யாமல் உயரம் பார்த்தால் மைனஸ் நூறை ஒட்டிக் காட்டும். இதைக் கேட்டால் அவர் பந்தயத்தைத் திருப்பிப் போடுவார்.


ஊர்விட்டவன், 16 செப்டெம்பர் 2025

ரொறன்ரோத் தடி என் பொறுப்பு. போன டிசம்பரில் யூரியூப் தட்டைக்காரர்கள் சிலரை அன்டார்க்டிகாவுக்கே கூட்டிக்கொண்டு போய் 24 மணி நேரமும் மறையாத சூரியனைக் காட்டினார்கள். வட்டப் படத்தில் அது நடக்காது. ஒருவர் கமெரா முன்னாலேயே ஒப்புக்கொண்டார். தடி அதைவிட மலிவு.


கல்லடிப் பாலம், 25 செப்டெம்பர் 2025

முடிந்தது. விபரமாகச் சொல்கிறேன்.

ஒரு தடி ரொறன்ரோவில், அண்ணனுடையது. ஒன்று மெல்பேர்னில், மாமாவின் மகள், எனக்கு மச்சாள். நம்மட ஆக்கள் என்றால் இதைவிட யார்? லண்டனில் இருக்கிற தங்கையையும் கேட்டிருந்தேன், அங்கே மேகம், நிழலே விழவில்லையாம். மூன்றாவது தடி பாலமீன்மடுவில். எல்லாம் ஒரு மீற்றர்.

23ஆம் தேதி நான் பிவிசி குழாயைக் கொண்டுபோய் மணலில் குத்தினேன். மாமா பார்த்துவிட்டு, "இதுவா நட்ட தடி?" என்று பிடுங்கி எறிந்தார். பலகை ஒன்றைப் போட்டு, டியூப்பில் தண்ணீர் விட்டு மட்டம் பார்த்து (ஆம், அதே டியூப்), அதில் குழாயை நட்டு, தங்கூசியில் ஈயக்குண்டு கட்டித் தூக்குப் பிடித்து நேராக்கினார். எதிர்க்கட்சிக்காரர் நட்ட தடி என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். பதினொன்றரையிலிருந்து இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் பென்சிலால் குறித்தோம். மண்டை பிளக்கிற வெயில். நிழல் ஆகக் குறுகியது பன்னிரண்டுக்கு இல்லை, 11:56க்கு. 13.9 சென்ரிமீற்றர், வடக்குப் பக்கமாக.

ரொறன்ரோ 95.5, அதுவும் வடக்கே. மெல்பேர்ன் 77. மச்சாள் வீடியோவில் காட்டினா, நிழல் தெற்கே விழுகிறது. மாமா போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிள்ளை, வடக்கு எந்தப் பக்கம் எண்டு தெரியுமா உனக்கு?" என்று கேட்டார். அவ சிரித்துக்கொண்டு, "அப்பா, இஞ்ச உச்சி வெயில் வடக்கேதான் நிக்கும். நிலாவும் தலைகீழ்தான்" என்றா. பத்து வருடமாக அங்கே இருக்கிறவ, ஒரு நாளும் சொன்னதில்லையாம். கேட்டால்தானே.

கணக்கு இது. பூமத்திய ரேகையிலிருந்து நாங்கள் சுமார் 855 கிலோமீற்றர், மெல்பேர்ன் 4,200, ரொறன்ரோ 4,850. தட்டை என்று வைத்துச் சூரியன் எத்தனை உயரம் என்று பார்த்தால், எங்கள் தடி 6,100 சொச்சம் என்கிறது, மெல்பேர்ன் 5,400 சொச்சம், ரொறன்ரோ 5,100க்குக் கிட்ட. ஒரே சூரியனுக்கு மூன்று உயரம். உருண்டை என்று வைத்து ஒரு பாகைக்கு எத்தனை கிலோமீற்றர் என்று பார்த்தால் 108, 112, 111. எங்களுடையதுதான் கொஞ்சம் விலகல், சின்ன நிழலில் பென்சில் தடிப்பே பிழையாகிவிடும். 111ஐ 360ஆல் பெருக்கினால் நாற்பதாயிரம் கிலோமீற்றர். இதைப் பலகையிலேயே எழுதிக் காட்டினேன். தடி நட்டவர் அவர், அளந்தது அவர் மகள். தப்ப வழியில்லை என்று நினைத்தேன்.

அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. நேற்றுக் கடலுக்குப் போனார். இன்று காலை கடைக்கு ஒரு பொடியனிடம் சாக்குப் பை கொடுத்து அனுப்பியிருந்தார். நண்டு. உயிரோடு. நிறுத்துப் பார்த்தால் ஒரு கிலோ.

போன் எடுத்துக் கேட்டேன், மற்ற ஒரு கிலோ எங்கே என்று.

"கடல் வளைஞ்சு கிடக்கு எண்டது சரி, அதுக்கு ஒரு கிலோ" என்றார். "பூமி எண்டா தரையும் சேர்த்துத்தானே மனே? தரையை நான் பார்க்கல்லயே."

சங்கிலிக்காரன் சேர், தரையில் முப்பது வருடம் அளந்தவர் நீங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலமீன்மடுவுக்கு வர முடியுமா? மாமாவும் உங்களைப் பார்க்க வேண்டும் என்று சொன்னார். நண்டை மாமி சமைக்கிறா.